கருவூர் முதல் கோயம்புத்தூர் வரை: கொங்கு நாட்டின் தலைநகரங்கள்

சோழ நாட்டுக்குத் தஞ்சையும் பாண்டிய நாட்டுக்கு மதுரையும் தொண்டை நாட்டுக்குக் காஞ்சியும் தலைநகரங்களாக விளங்கின என்று கூறுவதில் எவருக்கும் தயக்கம் இருப்பதில்லை; ஆனால் கொங்கு நாட்டின் தலைநகர் எது என்னும் கேள்விக்கு அவ்வாறு ஒரே ஊரைச் சொல்லி முடித்துவிட இயலாது. கொங்கு மண்டல சதகம் கிழக்கே மதுக்கரை, தெற்கே பழனி, மேற்கே வெள்ளிமலை, வடக்கே பெரும்பாலை என்று எல்லை வகுத்துக் காட்டும் இந்த நிலப்பரப்பில், காலத்துக்கேற்பக் கருவூர், தாராபுரம், தணாயக்கன்கோட்டை, சத்தியமங்கலம், பவானி, கோயம்புத்தூர் எனப் பல ஊர்கள் ஆட்சியின் இருக்கையாக இருந்துள்ளன. அவற்றுள் ஒன்றேனும் தஞ்சையைப் போல நூற்றாண்டுக் கணக்கில் ஒரே அரச மரபின் நிலையான தலைநகராகக் கொங்கு முழுவதையும் ஆண்டதாகச் சொல்ல முடியாது. இன்று கொங்கின் தலைநகர் என்று வழக்கில் குறிக்கப்படும் கோயம்புத்தூரோ எந்த முடிமன்னனுக்கும் தலைநகராக இருந்ததில்லை.

இந்த நிலைக்கு முதற்காரணம் நில அமைப்பு. மேற்கிலும் வடக்கிலும் மலைத்தொடரும் தெற்கில் ஆனைமலை, பழனி மலைகளும் சூழ்ந்த உயர்சமவெளியே கொங்கு. அதன் ஆறுகளான பவானியும் நொய்யலும் அமராவதியும் மேற்கே பிறந்து கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கின்றன. மலைகள் சூழ்ந்திருந்தும் இந்நாடு அடைபட்ட நாடாக இருந்ததில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிகப் பெரிய இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்கே திறந்திருக்கிறது. வடக்கே கசலட்டிக் கணவாய் மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறுகிறது. கிழக்கே காவிரிக் கரை சோழ நாட்டுக்கும் தெற்கே தாராபுரம், திண்டுக்கல் வழி மதுரைக்கும் இட்டுச் செல்கின்றன. கொங்கை ஆண்டவர்களில் பெரும்பாலோர் இந்த வாயில்களுள் ஏதோ ஒன்றின் வழியாக வெளியிலிருந்து வந்தவர்களே. வந்தவர் தமது நாட்டுக்குத் திரும்பும் வழியைக் காத்துக்கொள்ளும் வகையில் இருக்கையை அமைத்துக்கொண்டனர் என்று கொண்டால், தலைநகர் இடம் மாறிக்கொண்டே இருந்ததன் காரணம் பெருமளவு விளங்கிவிடும்.

இவ்வரிசையில் முதலாவதும் மிகுந்த விவாதத்துக்கு உள்ளானதும் கருவூர். சங்க இலக்கியத்தில் சேரர் தலைநகராகப் பேசப்படும் வஞ்சி, ஆன்பொருநைக் கரையில் அமைந்த ஊர். ஆன்பொருநை என்பது இன்றைய அமராவதி எனவும் எனவே வஞ்சி என்பது கரூரே எனவும் இரா. இராகவையங்கார் உள்ளிட்ட அறிஞர் வாதிட்டனர். மலையாளக் கரையில் கொடுங்கல்லூரை ஒட்டிய திருவஞ்சைக்களமே வஞ்சி என்று கே. ஜி. சேஷையர் போன்றோர் மறுத்தனர். கடலும் துறைமுகமும் மேற்கே இருக்க, சேரன் தன் தலைநகரைக் காவிரிக்கு அருகே, சோழனின் எல்லையை ஒட்டி ஏன் வைத்துக்கொண்டிருப்பான் என்பது மறுத்தவர்களின் நியாயமான ஐயம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நிலநூலார் தாலமி, சேரனின் அரச இருக்கையாகக் ‘கரூரா’ என்னும் உள்நாட்டு ஊரைக் குறிப்பிட்டிருப்பது கரூர்த் தரப்புக்கு வலுச் சேர்த்தபோதும், நூற்சான்றுகளை மட்டும் கொண்டு இவ்வழக்கைத் தீர்த்துவிட முடியவில்லை.

வழக்கின் போக்கை மாற்றியவை கல்லும் காசும். கரூருக்கு அருகே வேலாயுதம்பாளையத்தில் உள்ள ஆறுநாட்டார் மலையில், சமணத் துறவியருக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகளின் மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில், அதாவது தமிழை எழுதப் பயன்பட்ட மிகப் பழைய எழுத்து வடிவில், கல்வெட்டுகள் உள்ளன. புகளூர்க் கல்வெட்டுகள் எனப்படும் இவற்றுள் ஒன்று கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேர அரசரை வரிசையாகக் கூறுகிறது. இவர்கள் பதிற்றுப்பத்தின் பிற்பகுதிப் பத்துகளில் பாடப்பட்ட இரும்பொறை மரபினர் என்பது ஐராவதம் மகாதேவன் உள்ளிட்ட ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. அதே மலையின் மற்றொரு கல்வெட்டு, கருவூரைச் சேர்ந்த பொன் வணிகன் ஒருவனின் கொடையைப் பதிந்து வைத்திருக்கிறது. அரசனின் கொடையும் வணிகனின் கொடையும் ஒரே பாறையில் அருகருகே நிற்பது, அந்நகரின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை எந்தப் புகழ்ப் பாடலையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது. அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளில் மாக்கோதை, கொல்லிப்பொறை, கொல்லிரும்பொறை முதலிய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மாக்கோதையின் வெள்ளிக் காசில் அரசனின் தலை பொறிக்கப்பட்டிருக்கும் முறை உரோமக் காசைக் கண்ணால் கண்ட கம்மியனின் வேலை என்பதில் ஐயமில்லை. கரூரில் நடந்த அகழாய்வுகளிலும் உரோமானிய மதுச்சாடியின் ஓடுகள் கிடைத்தன. திருவஞ்சைக்களத் தரப்பு இன்றும் முற்றாக ஓய்ந்துவிடவில்லை எனினும், இரும்பொறை மரபின் இருக்கையாகக் கரூரைக் கொள்வதில் இனித் தடையேதும் இருப்பதாகத் தோன்றவில்லை.

கரூர் கிழக்கு விளிம்பில் அமைந்த காரணத்தை வணிகப் பெருவழியோடு சேர்த்துப் பார்த்தால்தான் அறிய முடியும். மேலைக்கடல் துறைமுகமான முசிறியிலிருந்து புறப்படும் வழி பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, இன்றைய கோவையை ஒட்டிய வெள்ளலூரைத் தொட்டு, நொய்யலின் போக்கிலேயே கிழக்கே இறங்கிக் கரூரை அடைந்து, அங்கிருந்து காவிரி வழியாக உறையூருக்கும் புகாருக்கும் சென்றது. நொய்யலின் வடகரையில் சென்னிமலைக்கு அருகே உள்ள கொடுமணல், 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வுகளால், இரும்பு உருக்கிய உலைகளும் நீலப்பச்சை மணிக்கல்லாகிய பெரிலையும் பளிங்கையும் பட்டை தீட்டிய பட்டறைகளும் இருந்த தொழில் நகரம் என்று தெரியவந்தது. பெரில் கிடைத்த படியூரும் அதற்குத் தொலைவில் இல்லை. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பெயர் சுட்டி அவ்வூர் அணிகலன்களைச் சிறப்பிப்பதும் இதனோடு பொருந்துகிறது. இந்தியாவில் உரோமக் காசுப் புதையல்கள் மிகுதியாகக் கிடைத்த வட்டாரங்களுள் ஒன்றாகப் பழைய கோயம்புத்தூர் மாவட்டம் விளங்குவது இந்தப் பெருவழியால்தான். வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையல் அவற்றுள் புகழ்பெற்றது. ஆகக் கரூர் ஒரு நாட்டின் நடுவே அமைந்த தலைநகர் அன்று. ஒரு சாலையின் கீழ்முனையில், சரக்கு வண்டியிலிருந்து ஆற்றுவழிக்கு மாறும் இடத்தில், அமர்ந்திருந்த தலைநகர்.

சேரர் ஆட்சி மங்கிய பிறகான சில நூற்றாண்டுகளுக்குக் கொங்கின் அரசியல் வரலாறு தெளிவற்றது. பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட ‘கொங்கு தேச ராஜாக்கள்’ என்னும் உரைநடைச் சுவடி, கந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட அரசர்களைப் பட்டியலிடுகிறது. அந்தக் கந்தபுரம் எது என்பதில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை, சுவடியின் காலவரிசையும் நம்பத்தக்கதன்று. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழர் கொங்கைக் கைப்பற்றிய பின்புதான் காட்சி தெளிவடைகிறது. கோவைக்குத் தென்மேற்கே சுண்டக்காமுத்தூரை ஒட்டிய பாறையில் இராசகேசரிப் பெருவழி என்னும் நெடுஞ்சாலையின் பெயரைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. ஒரே செய்தி தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும், அதாவது அக்காலத்தில் பாண்டிய, சேர நாடுகளில் பெருவழக்காக இருந்த எழுத்திலும், அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. கிழக்கிலிருந்து வருபவனும் மேற்கிலிருந்து வருபவனும் சாலையின் காவலன் யார் என்பதைத் தத்தம் எழுத்தில் படித்து அறியட்டும் என்பதே நோக்கம். ஒரு நாட்டைப் பிடித்த பேரரசு அரண்மனை கட்டியதாகத் தடயம் வைக்காமல் சாலையில் பெயர் பொறித்து வைத்தது என்பது கொங்கைப் பொறுத்தவரை பொருத்தமான செயலே.

சோழர் காலத்தில் கரூர் தன் பழைய பெருமையை ஓரளவு தக்கவைத்துக்கொண்டது. கல்வெட்டுகள் அதனை முடிவழங்கு சோழபுரம் என்று அழைக்கின்றன. உறையூரிலிருந்த புகழ்ச்சோழர், கொங்கரும் மேற்றிசை அரசரும் செலுத்தும் திறையை வாங்குவதற்காகக் கருவூருக்கு வந்து தங்கினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. இது புராணச் செய்தியே ஆயினும், சேக்கிழார் காலத்து வாசகர் கருவூரை எவ்வாறு எண்ணினர் என்பதற்குச் சான்று: சேரனுக்கு அது தலைவாயில், சோழனுக்கோ கொங்கின் வரி வந்து சேரும் வாசற்படி. பின்னர்க் கொங்குச் சோழர் என்று வரலாற்றாசிரியர் குறிக்கும் கிளை மரபினர் தனித்து ஆண்டபோது, இராசராசபுரம் என்று கல்வெட்டுகளில் பெயர் பெற்ற தாராபுரம் முதன்மை அடைந்தது. அமராவதிக் கரையில், கொங்கையும் பாண்டிய நாட்டையும் இணைக்கும் வழியில் அமைந்த அவ்வூர், அடுத்து வந்த கொங்குப் பாண்டியருக்கும் மதுரை நாயக்கருக்கும் இயல்பாகவே ஏற்ற இருக்கை ஆயிற்று.

இக்காலம் முழுவதிலும் ஊர்மட்ட நிருவாகம் தலைநகரைச் சார்ந்திருக்கவில்லை என்பதையும் கருத வேண்டும். கொங்கு 24 நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. பூந்துறை நாடு, காஞ்சிக்கோயில் நாடு, காங்கய நாடு, பேரூர் நாடு முதலியவை அவற்றுள் சில. இங்கு நாடு என்பது சில ஊர்களின் தொகுதியாகிய உட்பிரிவு. நாட்டாரின் அவையும் கோயிலும் சந்தையும் ஏரி நீர்ப் பங்கீடும் அந்தந்த எல்லைக்குள் நடந்தமையால், மேலே அரசன் மாறியபோதும் தலைநகர் நகர்ந்தபோதும் குடியானவனின் அன்றாடம் அதிகம் கலையவில்லை. இன்றைய கோயம்புத்தூராகிய கோவன்புத்தூர் அன்று பேரூர் நாட்டின் ஓர் ஊர் மட்டுமே. அந்நாட்டின் பெருமை முழுவதும் பட்டீசுவரர் கோயில் கொண்ட பேரூருக்கே உரியது. அண்மையூரின் பெயரால் அறியப்பட்ட ஒரு புத்தூர் பின்னாளில் பேரூரையே தன் புறநகராக்கிக்கொள்ளும் என்று 12ஆம் நூற்றாண்டில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

வடக்கிலிருந்து வந்தவர்கள் வடக்கு நோக்கியே இருக்கை கொண்டனர். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போசளரின் படைத்தலைவனாகிய மாதவ தண்டநாயக்கன், மோயாறு பவானியில் கலக்கும் இடத்தருகே, கசலட்டிக் கணவாயின் அடியில் உள்ள தணாயக்கன்கோட்டையில் இருந்து ஆண்டான். அக்கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் மைசூர் உடையார்கள் மதுரை நாயக்கரிடமிருந்து கொங்கைச் சிறிது சிறிதாகப் பறித்தபோதும் அதே வழியில் இறங்கிச் சத்தியமங்கலத்தையே முதலில் பற்றினர். ஆனால் மைசூரின் நாட்டம் 18ஆம் நூற்றாண்டில் மலையாளத்தின் பக்கம் திரும்பியதும் நிலைமை மாறியது. 1766இல் மைசூரை ஆண்ட ஐதர் அலி மலபாரின் மீது படையெடுத்துப் பாலக்காட்டில் கோட்டை எழுப்பினார். அன்று முதல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே படையும் தவசமும் தங்கிச் செல்லும் இடமாகக் கோயம்புத்தூர் உயர்ந்தது. கோயம்புத்தூரின் முதல் முக்கியத்துவம் வணிகத்தால் வந்ததோ வழிபாட்டால் வந்ததோ அன்று. அது கணவாயின் வாயில் காத்த ஒரு கோட்டையின் முக்கியத்துவம்.

அதன் விலையையும் ஊர் கொடுத்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகள் 1768இலும் 1783இலும் 1790இலும் கோயம்புத்தூரைப் பிடித்தன. ஒவ்வொரு முறையும் உடன்படிக்கையாலோ எதிர்த்தாக்குதலாலோ ஊர் மைசூரின் கைக்கே திரும்பியது. 1791இல் மட்டும் கோட்டை இரண்டு முறை முற்றுகைக்கு உள்ளாகி, முதல் முறை தாக்குப்பிடித்து, இரண்டாம் முறை திப்பு சுல்தானின் படையிடம் பணிந்தது. இன்று அந்தக் கோட்டையின் சுவர் எதுவும் எஞ்சவில்லை. கோட்டைமேடு என்னும் பகுதியின் பெயரும் கோட்டை ஈசுவரன் கோயிலுமே அது நின்ற இடத்தைச் சுட்டுகின்றன. 1799இல் திப்பு வீழ்ந்த பின் கொங்கு கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. ஆயினும் மறு ஆண்டே பாளையக்காரக் கிளர்ச்சியாளர்கள் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்க முயன்று தோற்றனர். ஓடாநிலையில் இருந்து போரிட்ட தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார்.

கம்பெனி முதலில் கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது பலரும் கவனிக்காத செய்தி. நொய்யலாற்றை எல்லையாக வைத்துக் கொங்கை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரித்து, வடபகுதியைப் பவானியிலிருந்தும் தென்பகுதியைத் தாராபுரத்திலிருந்தும் நிருவகித்தனர். அதாவது பழைய ஆட்சியாளரின் இருக்கை மரபையே பின்பற்றினர். 1804இல் இரு பகுதிகளும் ஒன்றாக்கப்பட்டுக் கோயம்புத்தூர் தலைமையிடமாயிற்று. இவ்வாறு உருவான மாவட்டம் இன்றைய கணக்கில் வியப்பூட்டும் பரப்புடையது: மேற்கே நீலகிரி, வடக்கே கொள்ளேகாலம், கிழக்கே கரூர் வரை அதனுள் அடங்கியிருந்தன. சேரரின் தலைநகர் கோயம்புத்தூரின் ஒரு தாலுகாவாக நூறாண்டுக்கு மேல் இருந்து, 1910இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது.

ஆட்சியாளர் தம் வசதிக்கேற்ப இருக்கையைத் தேர்வது கொங்குக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 1911இல் ஆங்கிலேய அரசு இந்தியாவின் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்ற முடிவுசெய்து, இருபதாண்டு உழைத்து 1931இல் புதுதில்லியைத் திறந்து வைத்தது. சென்னை மாகாண அரசோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் கோடைக்கு உதகமண்டலம் ஏறி, அங்கிருந்தே மாகாணத்தை ஆண்டது. அந்த உதகமண்டலத்தை உருவாக்கியவர் கோயம்புத்தூரின் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன். 1820களில் மலைமேல் வீடு கட்டிக்கொண்டு ஆண்டின் பெரும்பகுதியை அங்கே கழித்த அவருடைய நாட்டம், தலைமையிடத்து ஊருக்கு எதிர்பாராத ஆதாயத்தைத் தந்தது. சென்னையிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூருக்கு 1862இல் நிறைவடைந்த இருப்புப்பாதை கோயம்புத்தூரை ஒதுக்கிவிட்டுச் சில கிலோமீட்டர் தெற்கே போத்தனூர் வழியாகவே சென்றது. 1873இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போடப்பட்டபோதுதான் ஊருக்குள் ரயில் வந்தது. அந்தக் கிளையின் நோக்கம் கோயம்புத்தூர் அன்று, நீலகிரி. வேறோர் ஊருக்குச் செல்லும் வழியில் இருப்பதே கோயம்புத்தூரின் வளர்ச்சிக்கு இரண்டாம் முறையாகக் காரணமாயிற்று.

1866இல் நகராட்சியான கோயம்புத்தூர், 1901 கணக்கெடுப்பில் 53 ஆயிரம் மக்களே கொண்ட ஊர். சிறையும் நீதிமன்றமும் ஆட்சியர் அலுவலகமும் பெரிய கடை வீதியும் ஒப்பணக்கார வீதியும் அதன் அடையாளங்கள். 1908இல் தண்டனை பெற்ற வ. உ. சிதம்பரனார் செக்கிழுத்தது இந்தச் சிறையில்தான். 1901ஐ அடுத்த ஆண்டுகளில் பிளேக் கொள்ளைநோய் ஊரைப் பலமுறை தாக்க, 1911இல் மக்கள்தொகை ஏறாமல் குறைந்தே போயிற்று. நகரின் பல இடங்களில் இன்றும் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்தின் எச்சங்கள். நோயின் பெயரையே அம்மனுக்குச் சூட்டிய மக்களின் துணிவு, அரசு அறிக்கைகள் எதிலும் காணக் கிடைக்காத ஆவணம்.

இந்த ஊரைப் பெருநகராக்கியவை பருத்தியும் கிணறும் மின்சாரமும் என்றால் மிகையாகாது. கொங்கின் கரிசல் நிலத்தில் பருத்தி பழைய பயிர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தியோ நீர் பாய்ச்சினால் நீண்ட இழை தரும் வகை. மழை குறைந்த இந்நாட்டில் பாறையை வெட்டி ஆழக் கிணறு தோண்டிக் கவலை கட்டி, அதாவது மாடு பூட்டித் தோல் பறியால் நீர் இறைத்து, வேளாண்மை செய்யப் பழகிய குடியானவர்க்கு அது ஏற்றதாயிற்று. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையைத் தொடர்ந்து, 1910இல் ஜி. குப்புசாமி நாயுடுவின் லட்சுமி மில் போன்றவை எழுந்தன. அவற்றின் முதலீட்டில் பெரும்பங்கு பருத்தி விளைத்தும் அரைத்தும் விற்றும் சேர்த்த உள்ளூர்ப் பணம். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் ஆலைகள் விரைந்து பெருகின. பஞ்சாலை இயந்திரம் பழுதுபார்த்த பட்டறைகள் வார்ப்படச் சாலைகளாகி, கவலைக்கு மாற்றாக மோட்டாரும் பம்பும் செய்யத் தொடங்கின. 1937இல் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோர் முயற்சியில் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் இங்கிருந்தே வெளிவந்தது. நகராட்சித் தலைவராயிருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார் காலத்தில் சிறுவாணி நீர் நகருக்கு வந்தது. அவர் பெயரைத் தாங்கிய ஆர். எஸ். புரம் அகன்ற தெருக்களோடு வகுக்கப்பட்டது. 1931இல் 95 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை இருபதே ஆண்டில் இரட்டிப்பாயிற்று. அதன் மறுபக்கம் ஆலைத் தொழிலாளரின் வாழ்க்கை. 1946 சனவரியில் சின்னியம்பாளையத் தொழிலாளர் நால்வர் இதே நகரின் சிறையில் தூக்கிலிடப்பட்டது அவ்வரலாற்றில் மறக்கப்படாத நிகழ்ச்சி.

அறிவுத்துறையிலும் தலைநகருக்குரிய சில பணிகள் சென்னையை விட்டு இங்கே வந்து சேர்ந்தன. சைதாப்பேட்டையிலிருந்த வேளாண் கல்லூரி 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கோவைக்கு மாற்றப்பட்டது. 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையமும் வனக் கல்லூரியும் அமைந்தன. தடித்த கரும்பையும் காட்டு நாணல் கரும்பையும் கலப்பு செய்து சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் உருவாக்கிய ‘கோ’ வகைகள், கோ 205 தொடங்கி, பஞ்சாப், கங்கைச் சமவெளி வயல்களில் பரவின. கோயம்புத்தூரின் பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய அக்கரும்பை வட இந்திய உழவர் பலர் பயிரிட்டனர். பேரரசுகள் கொங்குக்குள் வந்த கதைக்கு நேரெதிராகக் கொங்கிலிருந்து ஒன்று வெளியே பரவிய அரிய நிகழ்வு இது.

மாவட்டம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. நீலகிரி 19ஆம் நூற்றாண்டிலேயே பிரிந்தது. கொள்ளேகாலம் 1956இல் மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. 1979இல் ஈரோட்டைத் தலைமையிடமாகக் கொண்டு பெரியார் மாவட்டம் பிரிக்கப்பட்டது. கோயம்புத்தூர் 1981இல் மாநகராட்சியாக உயர்ந்து, 2011 கணக்கெடுப்பின்படி சுற்றுப்புறங்களையும் சேர்த்து ஏறத்தாழ 21 இலட்சம் மக்கள் வாழும் நகரத் தொகுதியாயிற்று. ஆட்சிப் பரப்பு குறையக் குறைய நகரம் பெருத்தது என்பதே, அதன் வளர்ச்சிக்கு ஆட்சி இருக்கை வேராக இல்லை என்பதைக் காட்டும். கரூர் 1995இல் தனி மாவட்டத்தின் தலைமையிடமாகி, ஆட்சி இருக்கை என்னும் நிலையை மீண்டும் பெற்றது. 2009இல் பின்னலாடைத் தொழிலால் வளர்ந்த திருப்பூர் மாவட்டத் தலைமையிடமாக்கப்பட்டபோது, கொங்குச் சோழரும் பாண்டியரும் நாயக்கரும் கம்பெனியின் முதல் அதிகாரிகளும் இருந்து ஆண்ட தாராபுரம் அதன்கீழ் ஒரு வட்டமாகச் சேர்க்கப்பட்டது.